வெண்கல விலங்குகள் – 7: முரசை உருக்கி ஒரு குதிரை

இதுவரை: ஷாங் அரசர்களின் வெண்கலப் பாத்திரங்களில் உடல் இல்லாமல் முகம் மட்டும் விழித்துப் பார்க்கும் தாவோதியேயில் தொடங்கினோம். பூ ஹாவ் அரசியின் கல்லறையில் 1976இல் கிடைத்த ஆந்தைக் கலயம், 1938இல் ஹுனான் மாநில வயல் மண்ணிலிருந்து வந்த நான்கு ஆட்டுத்தலைக் கலயம், காளையின் வாலைப் புலி கவ்வி நிற்கும் யுன்னான் படையல் மேசை என ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சென்ற வாரம் இன்னும் தெற்கே இறங்கி, வெண்கல முரசுகளின் நாட்டில் நின்றோம். இந்த வாரம் அந்த முரசுகளைத் தேடி ஒரு படை வருகிறது.

*

பள்ளத்தில் ஒரு தவளை

இதை எழுதும்போது எங்கள் ஊர் தெலுக் பங்லிமா காராங்கில் மழை விட்டு அரை மணி ஆகிறது. வீட்டுக்குப் பின்னால், லோங்கா வடிகாலில், தவளைகள் கச்சேரியைத் தொடங்கிவிட்டன. முதலில் ஒன்று. பிறகு பத்து. பிறகு எண்ண முடியாது.

9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தென் சீனத்தின் காவ்சோவ் பகுதியில், மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனும் இப்படித்தான் ஒரு தவளைச் சத்தம் கேட்டான். பிடிக்கப் போனான். தவளை துள்ளி ஒரு பொந்துக்குள் விழுந்தது. சிறுவன் விடவில்லை, தோண்டினான். பொந்து ஆழமாகப் போய்க்கொண்டே இருந்தது.

அது ஒரு பழங்குடித் தலைவனின் கல்லறை.

தவளையைக் காணவில்லை. அதற்குப் பதில் ஒரு வெண்கல முரசு இருந்தது. பச்சைக் களிம்பேறி, அங்கங்கே மண் அரித்து, ஓரம் உடைந்து. அதன் மேல் புடைப்பாகத் தவளைகள் வார்க்கப்பட்டிருந்தன. கத்தியது உயிருள்ள தவளையே அல்ல, முரசின் ஆவி என்று ஊர் முடிவு கட்டியது. தாங் காலத்து அதிகாரி லியூ ஷுன் இந்தக் கதையைத் தன் தென்னாட்டுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார்.

கதையை நம்பலாம், நம்பாமலும் போகலாம். ஊர் ஏன் அப்படி நினைத்தது என்பதுதான் நமக்கு வேண்டியது. நெல் விளையும் நாட்டில் தவளை கத்தினால் மழை. முரசு அதிர்ந்தாலும் இடி, இடி என்றாலும் மழை. முரசின் மேல் தவளையை உட்கார வைத்தவனுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருந்தது. குவாங்சியின் சுவாங் மக்கள் இன்றும் ஆண்டுத் தொடக்கத்தில் தவளைக்கு விழா எடுக்கிறார்கள், அந்த விழாவில் வெண்கல முரசு ஒலிக்கிறது.

*

முரசைத் தொட்டுப் பார்ப்போம்

இந்த முரசுகளுக்குத் தோல் கிடையாது. மேல்முகமும் வெண்கலம், உடலும் வெண்கலம். தோள் பகுதி உப்பி, இடை குறுகி, அடி மீண்டும் விரிந்திருக்கும். அடிப்பக்கம் திறந்திருக்கும். தோளிலிருந்து இடைக்கு நான்கு கைப்பிடிகள் இறங்கும்.

1893இல் வடக்கு வியட்நாமில் கிடைத்த ங்கோக் லூ முரசை எடுத்துக்கொள்வோம். முகத்தின் குறுக்களவு 79 செ.மீ., உயரம் 63 செ.மீ., எடை 86 கிலோ. இரண்டு ஆட்கள் சேர்ந்தால்தான் நகர்த்த முடியும்.

முகத்தின் நடுவில் 14 கதிருள்ள விண்மீன். சூரியன் என்பவர்கள் உண்டு. அதைச் சுற்றி வட்டம் வட்டமாக ஊர்வலம். இறகு சூடிய மனிதர்கள், வளைந்த கூரையுள்ள வீடுகள், மான்கள், நீண்ட அலகும் நீண்ட வாலுமாகப் பறக்கும் நீர்ப்பறவைகள். எல்லாரும் இடஞ்சுழியாக ஒரே திசையில் போகிறார்கள். தோளில் படகுகள். படகிலும் இறகு சூடியவர்கள்.

பழைய முரசுகளில் பறவையும் மானும் கோட்டுருவமாகத் தட்டையாக இருக்கும். தவளைகள் பின்னால் வந்தவை. அவை தட்டையாக இல்லை. முகத்தின் விளிம்பில் நான்கு திசைக்கு நான்காக, முழு உருவமாக எழுந்து உட்கார்ந்திருக்கும்.

அருகில் போய்க் குனிந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். முகத்தில் சின்னச் சின்னச் சதுரப் புள்ளிகள். அது அலங்காரம் இல்லை. உள் அச்சும் வெளி அச்சும் ஒன்றோடொன்று ஒட்டிவிடாமல் இருக்க, இடையில் சிறு உலோகத் துண்டுகளை வைத்துத்தான் உருகிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். அந்தத் துண்டுகள் அதோடு சேர்ந்து உறைந்து, வடுவாக நின்றுவிடும்.

சுவாமிமலை ஸ்தபதி மெழுகில் உருச் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிய பிறகு உலோகத்தை ஊற்றுவார். அது ஒரு வழி. அச்சுத் துண்டுகளைச் சேர்த்து வார்ப்பது வேறு வழி. முரசுக்காரர்களின் வழி இரண்டாவது என்பவர்கள் உண்டு.

யாரிடம் இந்த முரசு இருந்ததோ, அவனே தலைவன். தென்னாட்டுக் குடிகளைப் பற்றி 7ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சுயி வம்ச வரலாறு இதைச் சொல்கிறது. முரசு வைத்திருப்பவனைப் பெரியவர் என்று அழைப்பார்கள், சொன்னதைக் கேட்பார்கள். சண்டை என்றால் முரசு ஒலிக்கும், ஆட்கள் மேகம்போல் திரண்டு வருவார்கள்.

அப்படியானால் அந்தக் குடிகளை அடக்க நினைப்பவன் முதலில் எதை எடுக்க வேண்டும்?

*

குதிரை என்ற பெயருடையவர்

கி.பி. 40. இன்றைய வடக்கு வியட்நாமில், ஹான் பேரரசின் தென் மாவட்டங்களில் ஒன்றான ஜியாவ்சியில், ட்ரூங் சகோதரிகள் இருவர் கிளர்ந்தெழுந்தார்கள். சுமார் 65 ஊர்கள் அவர்கள் பக்கம் சாய்ந்தன. மூத்தவள் தன்னை அரசியாக அறிவித்தாள்.

லுவோயாங்கில் இருந்த பேரரசர் குவாங்வு ஒரு கிழவரை அனுப்பினார். பெயர் மா யுவான். வயது 50ஐத் தாண்டியிருந்தது. 'அலைகளை அடக்கும் தளபதி' என்று அவருக்குப் பட்டம்.

அவருடைய குடும்பப் பெயரைக் கவனியுங்கள். மா. சீன மொழியில் குதிரை. பெயர் மட்டுமல்ல, ஆளும் அப்படித்தான். வடமேற்கு எல்லையில் மந்தை மேய்த்தவர். குதிரையின் பல்லையும் பிடரியையும் பார்த்து அதன் ஓட்டத்தைச் சொல்லும் கலையை ஆசான் வைத்துப் பயின்றவர்.

குதிரையை நம்பிய அவருக்குத் தெற்கில் கிடைத்தது சேறு.

லாங்போ என்ற இடத்தில் படை தங்கியபோது எதிரி இன்னும் வீழவில்லை. கீழே வெள்ளம், மேலே மூடுபனி, நடுவில் நச்சுக்காற்று. மா யுவான் அண்ணாந்து பார்த்தார். பறந்துகொண்டிருந்த பருந்துகள் தொப் தொப்பென்று தண்ணீரில் விழுந்தன.

அந்த நேரத்தில் அவருக்குத் தன் தம்பி முறையான ஷாவ்யோவின் பேச்சு நினைவுக்கு வந்தது. உண்ண, உடுக்கப் போதுமானது இருந்தால் சரி, ஒரு சின்ன வண்டி, மெதுவாக நடக்கும் ஒரு குதிரை, ஊரில் நல்லவன் என்ற பெயர், இதற்கு மேல் ஒருவனுக்கு எதற்கு என்று கேட்டவன் அவன். படுத்துக் கிடந்தபடி அதை நினைத்துப் பார்த்ததாக மா யுவானே பிறகு தன் அதிகாரிகளிடம் விருந்தில் சொன்னார்.

ஆனால் திரும்பிப் போகவில்லை. 43இல் சகோதரிகள் வீழ்ந்தார்கள். எஞ்சியவர்களைத் துரத்திக்கொண்டு, பெரிதும் சிறிதுமாக 2,000க்கு மேற்பட்ட கப்பல்களில், 20,000க்கு மேற்பட்ட வீரர்களோடு அவர் தெற்கே ஜியுசென் வரை போனார். முரசு வார்த்த பண்பாட்டுக்கே பெயர் கொடுத்த தோங் சோன் கிராமம் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது.

வழியெங்கும் தலைவர்களின் வீடுகளில் முரசுகள் இருந்தன.

*

உலை

5ஆம் நூற்றாண்டில் ஃபான் யே தொகுத்த பிற்கால ஹான் வரலாறு இந்த இடத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிறது. மா யுவானுக்குக் குதிரை ஏற்றம் பிடிக்கும், நல்ல குதிரையை இனம் காணத் தெரியும், ஜியாவ்சியில் லுவோயுவே மக்களின் வெண்கல முரசுகளைப் பெற்றார், அவற்றைக் கொண்டு ஒரு மாதிரிக் குதிரையை வார்த்தார், திரும்பி வந்து பேரரசருக்குக் கொடுத்தார்.

ஒரு வரிதான். நாம் கொஞ்சம் நிற்போம்.

வெண்கல முரசு முழுசாக உலைக்குள் போகாது. முதலில் உடைக்க வேண்டும். சம்மட்டி விழும்போது அது கடைசியாக ஒருமுறை முழங்கியிருக்கும். அதைக் கேட்டு ஆட்கள் திரண்டு வந்த காலம் முடிந்திருந்தது. பறவையின் அலகு ஒரு துண்டிலும் வால் இன்னொரு துண்டிலும் மூசைக்குள் விழுந்திருக்கும். மானுக்கும் படகுக்கும் அதே கதி. உருகிய பிறகு எல்லாம் ஒரே ஆரஞ்சு நிறம்.

பிறகு அது குதிரை அச்சுக்குள் இறங்கியது.

குதிரையின் உயரம் 3 சீ 5 சுன். ஹான் காலத்துச் சீ ஏறத்தாழ 23 செ.மீ. என்றால், 80 செ.மீ. நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் உயரம். உடற்சுற்றளவு 4 சீ 5 சுன், ஒரு மீட்டருக்குச் சற்று மேல்.

இந்தக் குதிரை வழிபாட்டுக்கு இல்லை, அழகுக்கும் இல்லை. அது ஓர் அளவுகோல். குதிரை இலக்கணம் கண்ட நான்கு குடும்பத்தாரின் பாடங்களை மா யுவான் அதில் ஒன்றாகச் சேர்த்தார். கடிவாளம் பூட்டும் முகப்பகுதி ஒரு குடும்பத்தின் இலக்கணப்படி. வாயும் பல்லும் இன்னொருவர் பாடம். உதடும் பிடரியும் மூன்றாமவர். உடற்கட்டு நான்காமவர். படைக்குக் குதிரை வாங்குகிறவன் இதைப் பார்த்து வாங்கலாம்.

மாதிரி இல்லாமல் செய்தவரும் இல்லை. பேரரசர் வு காலத்தில் தோங்மென் ஜிங் என்ற குதிரை வல்லுநர் ஒரு வெண்கலக் குதிரை வார்த்துக் கொடுத்து, அது நின்ற வாயிலுக்கே பொற்குதிரை வாயில் என்று பெயர் மாறியிருந்தது. ஃபெர்கானாவின் குதிரைகளுக்காக கி.மு. 104இல் படை அனுப்பிய அரசர் அவர். நான்கு ஆண்டு நடந்த போர் அது. ஹான் பேரரசுக்குக் குதிரை என்றால் வடக்கு எல்லை, எல்லை என்றால் உயிர்.

மா யுவானின் குதிரையைச் சுவாந்தே மண்டபத்தின் கீழே நிறுத்தச் சொல்லி ஆணை வந்தது.

மழைக்கு ஏங்கிய ஊர்களின் வெண்கலம் தலைநகரில் குதிரைச் சந்தைக்கு இலக்கணம் சொல்லிக்கொண்டு நின்றது. இந்தத் தொடரில் ஆறு வாரமாக விலங்குகளுக்குப் பொருள் தேடினோம். ஆந்தை என்றால் என்ன, ஆடு என்றால் என்ன என்று. உலைக்கு முன் நின்று பார்த்தால் கேள்வி மாறுகிறது. வெண்கலம் யார் கையில் இருக்கிறதோ, அவனுக்கு எந்த விலங்கு வேண்டுமோ அதுதான் உருவாகிறது. உழுகிறவன் கையில் இருந்தவரை பறவையும் தவளையும். படை நடத்துகிறவன் கைக்குப் போனதும் குதிரை.

*

நம் முரசுகள்

தமிழனுக்கு இது புதிய கதை இல்லை.

சங்க காலச் சேரன் நெடுஞ்சேரலாதன் கடலில் பகைவரை வென்று, அவர்களுடைய காவல் மரமான கடம்பை வெட்டி, அந்த மரத்தில் முரசு செய்தான். பகைவனின் உயிர் எதில் இருக்கிறதோ, அதையே தன் குரலாக்கிக்கொள்வது. மா யுவான் செய்ததும் அதே வேலை, தலைகீழாக. சேரன் பகைவனின் மரத்தை முரசாக்கினான், ஹான் தளபதி பகைவனின் முரசைக் குதிரையாக்கினார்.

அந்தச் சேரர் குடியிலேயே இன்னொருவன், தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறை. அவனுடைய முரசு கட்டிலில், முரசு நீராடப் போயிருந்த நேரம், களைத்து வந்த புலவர் மோசிகீரனார் படுத்துத் தூங்கிவிட்டார். முரசின் இடத்தில் உடல் சாய்த்தால் தலை போகும் குற்றம். அரசன் வாளை எடுக்கவில்லை, கவரியை எடுத்து வீசினான். அந்தக் கவரிக்கு இவ்வளவு புகழ் வந்ததே, முரசு அவ்வளவு பெரிது என்பதால்தான்.

*

குதிரைக்கு வந்த நாள்

மா யுவானுக்கு முடிவு நல்லதாக இல்லை. 49இல், 60ஐக் கடந்த வயதில், வேறொரு போர்முனையில் நோயில் இறந்தார்.

இறந்த பிறகு ஒரு பழி கிளம்பியது. ஜியாவ்சியில் இருந்தபோது நச்சுக்காற்றுக்கு மருந்தாக அவர் நெற்பவளம் என்ற தானியத்தை உண்டு வந்தார். தெற்கத்திய மணி பெரிது என்று, விதைக்காக ஒரு வண்டி நிறைய ஏற்றி வந்தார். அது முத்து, காண்டாமிருகக் கொம்பு என்று அரண்மனையில் கோள் மூட்டினார்கள். பேரரசர் சினந்தார். குடும்பத்தார் அவரை முன்னோர் நிலத்தில் அடக்கம் செய்யவே அஞ்சினார்கள். விதை மூட்டையை முத்து மூட்டை என்பது, பொய்ப் பழிக்குச் சீனத்தில் இன்றும் ஒரு சொலவடை.

குதிரை என்ன ஆயிற்று?

190ஐ ஒட்டிய ஆண்டுகளில் தோங் சுவோ என்ற போர்ப்பிரபு பேரரசைத் தன் பிடிக்குள் வைத்திருந்தான். அவனுக்குக் காசு வேண்டியிருந்தது. லுவோயாங்கிலும் சாங்ஆனிலும் இருந்த வெண்கல மனிதர்களை, மணித்தாங்கிகளை, ஃபெய்லியன் என்ற காற்று விலங்குகளை, வெண்கலக் குதிரைகளை எல்லாம் எடுத்து உருக்கி, சின்னக் காசுகளாக அடித்தான். மதிப்பில்லாத காசு. விலைவாசி எகிறியது.

பட்டியலில் குதிரைகள் உண்டு. மா யுவானின் குதிரை என்று பெயர் சொல்லிக் குறிப்பு இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அதைப் பார்த்ததாக யாரும் சொல்லவும் இல்லை. முரசு குதிரையானது, குதிரை காசாகிக் கைமாறியிருந்தால் வியப்பதற்கில்லை.

தரைக்கு மேல் நின்றவற்றுக்கு இது கதி. தரைக்குக் கீழே போனவை தப்பின. 1969இல் கான்சு மாநிலத்தின் வூவெய் நகரில், கல்லறைக்குள்ளிருந்து, ஒரு காலைப் பறவையின் முதுகில் ஊன்றிப் பாயும் 34.5 செ.மீ. வெண்கலக் குதிரை வெளியே வந்தது. மா யுவானின் காலத்துக்கு நூறாண்டுக்கும் மேல் பிந்திய குதிரை. அது நிலத்தடியில் இருந்ததால் தோங் சுவோக்கள் கண்ணில் படவில்லை.

நம் செப்புத் திருமேனிகளும் அப்படித்தானே பிழைத்தன. 1951-52இல் திருவெண்காட்டு மண்ணிலிருந்து எழுந்த ரிஷபவாகனர் இப்போது தஞ்சைக் கலைக்கூடத்தில் நிற்கிறார். 1011ஆம் ஆண்டுத் திருமேனி. காளையின் மேல் சாய்ந்த கை அப்படியே இருக்கிறது. காளையைத்தான் காணோம்.

*

சுங்கை லாங் மேடு

இப்போது ஊருக்கு வருவோம்.

தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து பந்திங் சாலையில் தெற்கே போனால், நெரிசல் இல்லாவிட்டால், அரை மணிச் சொச்சத்தில் சுங்கை லாங் கம்பம். இருபுறமும் செம்பனை. கடல் மேற்கே, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில். நம் கோலா லங்காட் மாவட்டம்தான்.

1964இல் அங்கே, தாழ்வான ஒரு மண்மேட்டுக்குள்ளிருந்து, இரண்டு வெண்கல முரசுகள் கிடைத்தன. தோங் சோன் வகை. ஒரு மரப்பலகையின் மேல் வைக்கப்பட்டிருந்தன. அந்தப் பலகை ஒரு படகின் பகுதி என்பது ஆய்வாளர்கள் கருத்து. கூடவே கண்ணாடி மணிகள்.

அதற்கு முன்பே, 1944இல், கிள்ளான் புக்கிட் கூடாவில் இன்னொரு முரசின் முகப்பகுதி கிடைத்திருந்தது. 1905இல் கிள்ளானில் கிடைத்த வெண்கல மணிகளில் ஒன்று 1949 முதல் லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து நடந்தே போகக்கூடிய தேசிய அருங்காட்சியகத்தில், முற்கால வரலாற்றுக் கூடத்தில், இந்த வகை முரசை நேரில் பார்க்கலாம். குனிந்து அந்தச் சதுர வடுக்களைத் தேடுங்கள்.

சுங்கை லாங் பலகையின் கார்பன் கணிப்பு ஏறத்தாழ கி.மு. 5ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 3ஆம் நூற்றாண்டுக்கும் இடையே ஒரு நீண்ட காலத்தைக் காட்டுகிறது. மா யுவானின் உலை எரிந்த 43ஆம் ஆண்டு அதன் நடுவில்தான் விழுகிறது. ஆகவே அந்த உலைக்கு முன்பே வந்த முரசுகளாகவும் இருக்கலாம், உலைக்குத் தப்பி வந்தவையாகவும் இருக்கலாம். எப்படி வந்திருந்தாலும், படகுப் பலகையோடு மண்ணுக்குள் போனதால் அவை முரசாகவே மிஞ்சின.

கடைசியாக ஒன்று. வெண்கலம் செம்பு மட்டும் இல்லை. செம்போடு வெள்ளீயம் சேர்ந்தால்தான் அது வெண்கலம். செம்பு பல நாட்டில் கிடைக்கும், வெள்ளீயம் அப்படிக் கிடைக்காது. எந்த ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி அந்த மணியும் புக்கிட் கூடா முரசும் கிடைத்தனவோ, அந்தக் கிள்ளான் ஆற்றின் மேற்பகுதிக் கரைகளைத் தோண்டித்தான் 19ஆம் நூற்றாண்டில் வெள்ளீயம் எடுக்கும் ஈயலம்பங்கள் பெருகின, கோலாலம்பூரே பிறந்தது.

ஈராயிரம் ஆண்டுக்கு முன் கடல் தாண்டி வந்து அந்த மேட்டில் படுத்த முரசுகளுக்கு இந்தக் கரை என்ன விலை கொடுத்தது? ஒருவேளை அந்த விலை ஏற்கெனவே முரசுக்குள்ளேயே உருகிக் கிடந்ததா?

(தொடரும்)